ரோவர் எஸ்டி1: பயணிக்கு எதிரே ஏன் ஒரு காற்றுத்துளை? (அமெரிக்கா முதல் ஸ்டாண்டர்ட் 2000 வரை)

#1 பழைய பானட்

எல்லோருக்கும் வணக்கம். மகள் வீட்டுக்கு பர்மிங்காம் வந்திருக்கிறேன். போன ஞாயிறு பக்கத்து ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்துக்கு மருமகன் கூட்டிக்கொண்டு போனார். அங்கே 1978-ஆம் ஆண்டு ரோவர் 3500 ஒன்று நின்றது, எஸ்டி1 வரிசைக் கார். பார்த்ததும் கால் நகரவில்லை. மதராஸில் செய்த நம்ம ஸ்டாண்டர்ட் 2000-இன் மூலக் கார் இதுதானே! உரிமையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "உட்காருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

இடது சீட்டில் உட்கார்ந்தேன். டேஷ்போர்டு நீளமான ஒரு அலமாரி மாதிரி இருக்கிறது. மீட்டர்கள் எல்லாம் தனிப் பெட்டியாக அதன்மேல், ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் என் நெஞ்சுக்கு நேர் எதிரே பெரிதாக ஒரு காற்றுத்துளை. பொதுவாகக் காற்றுத்துளை நடுவிலோ ஓரத்திலோதான் இருக்கும். இது ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மிட்லண்ட்ஸ் முருகு

சார், பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடமேதான்.

இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் தனித்தனி டேஷ்போர்டு அச்சு செய்தால் செலவு இரட்டிப்பு. அதனால் டேஷ்போர்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடித்தார்கள். வலது கை ஓட்டுநர் காரில் வலது துளை வழியாக ஸ்டியரிங் தண்டு வரும், இடது துளை காற்றுக்கு. பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ போகிற காரில் அப்படியே மாற்றிப் போடுவார்கள். மீட்டர் பெட்டி மேலே தனியாக இருப்பதும் அதற்குத்தான், தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் வேலை முடிந்தது.

அதாவது வரைபடப் பலகையில் இருக்கும்போதே கடல் தாண்டிப் போவதற்காகச் செய்த கார் இது. அப்படிப்பட்ட கார் வெளிநாட்டில் ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பல வருடமாக உறுத்தல். என்னிடம் ஒன்று இருக்கிறது, 1984 மாடல், எட்டு சிலிண்டர்.

#3 நாலு கதவு

ஒரு சந்தேகம். பின்னால் தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு இருக்கிறது. சலூன் என்றால் பின்னால் தனி டிக்கி வைத்த கார். இதைச் சிலர் ஸ்போர்ட்ஸ் சலூன் என்கிறார்களே, சொல்லலாமா? என் கணக்கில் ஜாகுவார் மார்க் 2தான் ஸ்போர்ட்ஸ் சலூன்.

#4 மிட்லண்ட்ஸ் முருகு

வடிவக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி தம்பி. ஆனால் இது இடம் பிடித்தது ரோவர் பி6, ட்ரையம்ப் 2000/2500 என்ற இரண்டு சலூன்களின் இடத்தை. வாங்கியவர்களும் அதே ஆட்கள்: டாக்டர், வக்கீல், கம்பெனி மேனேஜர். அப்புறம் மோட்டார்வேயில் ரோந்து போகும் போலீஸ். நான் சலூன் என்றே சொல்வேன்.

#5 பழைய பானட்

நன்றி முருகு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை. அந்த எஞ்சினைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன். பானட்டைத் திறந்து காட்டினார், இடமே இல்லாமல் நிரம்பியிருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை.

#6 மிட்லண்ட்ஸ் முருகு

அந்த எஞ்சின் கதையைச் சொல்லாமல் ஏற்றுமதிக் கதையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பிறப்பால் அமெரிக்க எஞ்சின். 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ப்யூக் கார்களுக்காக முழுக்க அலுமினியத்தில் வார்த்த 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர். வார்ப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை, 1963-உடன் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு எஞ்சின் வியாபாரம் பேச விஸ்கான்சினில் இருந்த மெர்க்குரி மரைன் கம்பெனிக்குப் போனார். பட்டறையில் ஒரு ப்யூக் எஞ்சின் கழற்றி வைத்திருந்தது. அளந்து பார்த்தார். ரோவரின் நாலு சிலிண்டர் எஞ்சின் உட்காரும் இடத்திலேயே இது உட்காரும், எடையும் பெரிதாகக் கூடாது. 1965 ஜனவரியில் உரிமம் கைக்கு வந்தது. அதை வடிவமைத்த ஜோ டர்லே, ஓய்வுபெறும் வயதில் இங்கிலாந்துக்கே வந்து உதவினார்.

பிறகு அந்த எஞ்சின் போகாத இடம் இல்லை. ரேஞ்ச் ரோவர், மோர்கன் பிளஸ் 8, எம்ஜிபி ஜிடி, டிவிஆர். எஸ்டி1-இல் அது 155 குதிரைத்திறன் கொடுத்தது.

கார் வெளிவந்தது 1976 ஜூன். உருவம் டேவிட் பாச், பொறியியல் ஸ்பென் கிங். முன்மூக்கைப் பார்த்தால் ஃபெராரி டேடோனா நினைவுக்கு வரும், பாச் அதை மனதில் வைத்துத்தான் வரைந்தார். கிங் பக்கம் வேறு மாதிரி. பழைய பி6-இல் பின்பக்கம் டி டியான் ஆக்ஸில் (கனமான கியர் பெட்டி அச்சோடு சேராமல் காரின் உடம்பில் நிற்கும் அமைப்பு), நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்று விலையுயர்ந்த வேலை. இதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சாதாரண லைவ் ஆக்ஸில், பின்னால் டிரம் பிரேக். அதைப் பின்னடைவு என்று திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்ட மாட்டேன். அச்சு பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்க்கேஜ் போட்டு, சுமை ஏறினாலும் மட்டம் தாழாத டேம்பர் வைத்து அந்தச் சாதாரண ஆக்ஸிலை அவர் ஓட வைத்த விதம் அவ்வளவு நிதானம். வளைவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1977-இன் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் இதற்குத்தான்.

#7 எடிசன் நகரத்தான்

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்த கதையை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜாகுவார் ரோவர் ட்ரையம்ப் கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் எங்கள் மாநிலத்தில்தான், லியோனியாவில் இருந்தது.

ரோவர் 1971-லேயே அமெரிக்காவை விட்டுப் போய்விட்டது. பானட்டில் மூன்று காற்றுவாய் வைத்த பி6 3500எஸ்தான் கடைசி. ஒன்பது வருடம் கழித்து, 1980-இல், எஸ்டி1-ஐக் கொண்டு வந்தார்கள். இடையில் ரோவர் என்ற பெயரே மக்களுக்கு மறந்துவிட்டது.

வந்த காரின் முகத்தைப் பார்த்தால் பாச் மனம் என்ன பாடுபட்டிருக்குமோ என்று தோன்றும். அப்போது அமெரிக்கச் சட்டப்படி ஹெட்லைட் என்றால் குறித்த அளவில் சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய விளக்கு) மட்டும்தான். அந்தச் சாய்ந்த நீள் விளக்குகளை எடுத்துவிட்டு, நாலு வட்ட விளக்கைக் குழிக்குள் வைத்தார்கள். பம்பரும் தடித்துப்போனது. புகைக் கட்டுப்பாட்டுக்காக கேட்டலிடிக் கன்வெர்ட்டர், எரிபொருள் இன்ஜெக்‌ஷன் எல்லாம் போட்ட பிறகு திறன் 133-க்கு இறங்கியது. நெடுஞ்சாலையில் வேக வரம்பு 55 மைல். அந்த ஆண்டுகளில் ஸ்பீடோமீட்டர் 85 மைலுக்கு மேல் காட்டவும் கூடாது. 120-க்கு மேல் போவதற்காகச் செய்த கார் சார் இது.

முருகு அண்ணன் சொன்ன எஞ்சின் பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தது இப்படித்தான். விற்றது மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். 1981-உடன் முடித்துவிட்டார்கள், தேங்கி நின்றவற்றைப் பிறகு தள்ளிவிட்டார்கள்.

#8 நாலு கதவு

விளக்கும் பம்பரும் மாறியதால் மட்டும் ஒரு கார் விற்காமல் போகுமா? பென்ஸ், பிஎம்டபிள்யூ கார்களுக்கும் அதே சட்டம்தானே. அவர்களும் வட்ட விளக்கு வைத்துத்தான் விற்றார்கள். என் கருத்து, தரம்தான் காரணம். சொலிஹல் தொழிற்சாலையின் பெயின்ட் வேலை, வேலைநிறுத்தம், மின் இணைப்புக் கோளாறு எல்லாம் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் எழுதாத மாதம் இல்லை.

#9 கணக்கன்

தரம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பணக் கணக்கை யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன்.

கார் அறிமுகமான 1976-இல் பவுண்டு படுத்துவிட்டது. ஒரு பவுண்டு 1.60 டாலர் அளவுக்கு இறங்கி, பிரிட்டன் கடன் கேட்டு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வாசலில் போய் நின்ற வருடம் அது. ஏற்றுமதிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நேரத்தில் சொந்த நாட்டு ஆர்டருக்கே கார் செய்து கொடுக்க முடியவில்லை. வாங்க ஆள் இருந்தும் கார் இல்லை.

1980-இல் கப்பல் அமெரிக்கா போனபோது பவுண்டு 2.40 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வட கடல் எண்ணெய், உயர்ந்த வட்டி இரண்டும் சேர்ந்து ஏற்றிவிட்டன. அதே காருக்கு அமெரிக்கன் ஒன்றரை மடங்கு டாலர் கொடுக்க வேண்டிய நிலை. பேர் தெரியாத பிராண்டுக்கு யார் கொடுப்பார்கள்? நாலே வருடம் முன்னால் போயிருந்தால் வேறு கதையாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

#10 எடிசன் நகரத்தான்

கணக்கன் சார் சொன்னது சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் பாருங்கள். 1987-இல் அடுத்த மாடலான ரோவர் 800-ஐ இங்கே கொண்டு வந்தபோது ரோவர் என்ற பெயரையே போடவில்லை, ஸ்டெர்லிங் என்று வைத்தார்கள். ஆனால் அதே வருடம் ரேஞ்ச் ரோவர் வந்தது, அதே அலுமினிய எட்டு சிலிண்டருடன். அது நன்றாக விற்றது. எஞ்சின் மேல் குற்றமே இல்லை.

#11 பழைய பானட்

ஐரோப்பாவில் எப்படிப் போனது? அதையும் யாராவது சொல்லுங்கள்.

#12 மிட்லண்ட்ஸ் முருகு

சுமார்தான் சார். இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு வரி கடுமை. அதனால் 1982-இல் வந்த நாலு சிலிண்டர் 2000, அப்புறம் இத்தாலியின் விஎம் கம்பெனி டீசல் எஞ்சின் போட்ட 2400 இரண்டும் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டன.

ஆனால் ஒரு விஷயத்தில் ஐரோப்பாவை இந்தக் கார் வென்றது. 1982-இல் இன்ஜெக்‌ஷன் வைத்து 190 குதிரைத்திறனுடன் விட்டெஸ் என்ற மாடல் வந்தது. பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் 1983 பட்டம் ஸ்டீவ் சோப்பர் கையிலிருந்து விதிமீறல் என்று பிடுங்கப்பட்டது, 1984-இல் ஆண்டி ரௌஸ் அதே காரில் முறையாக வென்றார். ஜெர்மன் டூரிங் கார் போட்டியில் 1986-இன் சாம்பியன் யார் தெரியுமா? டென்மார்க்கின் குர்ட் தீம், ரோவர் விட்டெஸ் ஓட்டி. பென்ஸும் பிஎம்டபிள்யூவும் சொந்த மண்ணில் நிற்கும்போது. காரின் உற்பத்தியே நின்றுபோன வருடம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

#13 ஜீஎஸ்டி ரோடு

நான் பெருங்களத்தூர். இத்தனை நாடு சுற்றிவிட்டு எங்கள் ஊருக்கு வராமல் எப்படி?

என் மாமா ஸ்டாண்டர்ட் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில், அதாவது உடம்புத் தகடு அடிக்கும் பிரிவில் இருந்தார். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஜீஎஸ்டி சாலை ஓரம் அந்தத் தொழிற்சாலை. ரோவருக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று பலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1945-இல் ட்ரையம்பை வாங்கியது. லேலண்ட் இவர்கள் இருவரையும் வாங்கியது, பிறகு 1967-இல் ரோவரையும் வாங்கியது. ஆக எல்லாம் ஒரே குடும்பம். அங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவது 1963-உடன் நின்றுவிட்டது. மதராஸில் மட்டும் அந்தப் பெயர் ஹெரால்டு, கெசல் என்று தொடர்ந்தது.

1985-இல் எஸ்டி1-இன் உடம்புடன் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. நம் சாலைக்காக அடியை உயர்த்தினார்கள். கியர் நாலு. எட்டு சிலிண்டர் இல்லை, ஆறு சிலிண்டரும் இல்லை. கம்பெனி தன் வேன்களுக்குச் செய்துகொண்டிருந்த பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு கார் வம்சத்து நாலு சிலிண்டர், 1991 சிசி. திறன் 80-ஐச் சுற்றி. பெட்ரோலும் நிறையக் குடித்தது. 1988-இல் நிறுத்திவிட்டார்கள். மாமா இன்றைக்கும் அந்தக் காரைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்ல விடமாட்டார்.

#14 நாலு கதவு

அதே எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. சொகுசுக் காருக்கு டிராக்டர் எஞ்சினைப் போட்டால் எப்படி உருப்படும்?

#15 மிட்லண்ட்ஸ் முருகு

தம்பி, இந்த இடத்தில் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். டிராக்டர் என்று சொல்கிறீர்களே, அதே எஞ்சின் ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 83 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 92 மில்லிமீட்டர், நாலு சிலிண்டரின் கொள்ளளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 1991 சிசி. 1953-இல் 90 குதிரைத்திறன். அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போன கார்களின் எஞ்சின் அது. சிலிண்டர் லைனரைக் கழற்றி மாற்றலாம், இழுவை கீழ் வேகத்திலேயே கிடைக்கும். நல்ல எஞ்சின்.

குறை எங்கே என்றால், டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைவு. எஸ்டி1 1300 கிலோவுக்கு மேல். அதோடு முப்பது வருடம் கடந்துவிட்டது. எஞ்சினைத் திட்டாதீர்கள், அதன் தலையில் ஏற்றிய பாரத்தைச் சொல்லுங்கள்.

#16 கணக்கன்

ஜீஎஸ்டி ரோடு அவர்களே, அந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததை உங்கள் மாமா எப்படிப் பார்க்கிறார்? என் பார்வையில் வேறு வழி குறைவு. அந்நியச் செலாவணிக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் தில்லியில் அனுமதி வாங்க வேண்டிய காலம். உள்நாட்டில் செய்யும் பாகம்தான் கட்டுப்படியாகும். புது எஞ்சினுக்குப் பட்டறை போடப் பணம் வேண்டும்.

#17 ஜீஎஸ்டி ரோடு

மாமாவிடம் நேற்று இரவு கேட்டேன் சார். "இருந்ததை வைத்துத்தானே சமைக்க முடியும்" என்றார். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. இங்கிலாந்தில் 1982-லேயே 2000 என்ற மாடலுக்கு ஓ சீரிஸ் நாலு சிலிண்டர் போட்டார்களே, கிட்டத்தட்ட 100 குதிரைத்திறன். அதை மட்டும் கொண்டு வந்திருந்தால்? அப்போது எதிரே நின்றது காண்டெஸாவும் பிரீமியர் 118 என்இ-யும்தான். அந்த இரண்டோடும் நிறுத்திப் பார்த்தால் உருவத்தில் இதற்கு ஈடு எது?

#18 மிட்லண்ட்ஸ் முருகு

இங்கிலாந்தில் எஸ்டி1-க்குப் போட்ட ஆறு சிலிண்டர் அங்கே வராதது நல்லதுதான், அதன் கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் போகும் வால்வு அடைத்துக்கொள்ளும், இங்கேயே பலருக்கு எஞ்சின் போனது. ஓ சீரிஸ் வந்திருக்கலாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

இத்தனையும் படித்த பிறகு என் உறுத்தலுக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போனபோது முகத்தையும் மூச்சையும் எடுத்துக்கொண்டார்கள், விலையை ஏற்றினார்கள். இத்தாலிக்குப் போனபோது நாலு சிலிண்டர் ஆக்கினார்கள். நம் ஊருக்கு வந்தபோது எஞ்சினையே மாற்றினார்கள். முழுசாகப் போன ஒரே இடம் பந்தயத் திடல், அங்கே ஜெயித்தது. அந்த நாடுகளில் விற்காமல் போனது எஸ்டி1 என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதை நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மக்கள் வேண்டாம் என்றது வேறு வேறு கார்களை.

#19 நாலு கதவு

டிஆர்2 விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. டிராக்டர் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தரம் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உடம்பும் பெயின்ட்டும் இங்கிலாந்திலிருந்துதானே போனது.

#20 மிட்லண்ட்ஸ் முருகு

அதை மறுக்கவில்லை தம்பி. எங்கள் ஆட்களின் ஞாயிற்றுக்கிழமைகள் பாதி துரு சுரண்டுவதிலேயே போகின்றன.

ஜீஎஸ்டி ரோடு, உங்களுக்கு ஒரு செய்தி. வண்டலூர் தொழிற்சாலை மூடிக் கிடந்து, கடைசியில் கிடங்கில் மிஞ்சியிருந்த பாகங்களை இங்கிலாந்தின் உதிரிபாக வியாபாரிகள் வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தார்கள். எஸ்டி1 வைத்திருப்பவர்களுக்கு அது வரம், ஏனென்றால் இங்கே புது உடம்புத் தகடு கிடைப்பது நின்று வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு குளிர்காலத்துக்கு முன் புயல் காற்றில் ஒரு மரக்கிளை என் காரின் இடது முன் மட்கார்டில் விழுந்து மடங்கிவிட்டது. தேடிப் பிடித்துப் பதிலுக்கு வாங்கிய தகடு ஸ்டாண்டர்ட் 2000-க்காகச் செய்தது. வைத்துப் பார்த்தேன், கதவு ஓர இடைவெளிக்குக் கொஞ்சம் சரிசெய்தால் போதும் என்ற அளவுக்குப் பொருந்தியது.

#21 பழைய பானட்

முருகு, அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு வருமா? நான் இன்னும் மூன்று வாரம் இங்கேதான் இருக்கிறேன்.

#22 ஜீஎஸ்டி ரோடு

அண்ணே, படித்துக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், அந்த மட்கார்டின் உட்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடச் சொன்னார். மடிப்பைப் பார்த்தால் எந்த பிரஸ்ஸில் அடித்தது என்று சொல்லிவிடுவாராம்.

#23 மிட்லண்ட்ஸ் முருகு

பழைய பானட் சார், வரும் ஞாயிறு கட்டாயம் கொண்டு வருகிறேன். காற்றுத்துளைக்கு எதிரே நீங்களே உட்காருங்கள், ஒரு சுற்று போய் வரலாம்.

மாமாவுக்குச் சொல்லுங்கள்: இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, விளக்கு வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். உட்பக்கம் நான் பெயின்ட் அடிக்கவில்லை. வந்தபோது இருந்த பிரைமர் அப்படியே இருக்கிறது.